எறும்பு ஊர்ந்தது உண்மை!

"ஏலே, காலுல எறும்பு ஊருதுலே."

இதைத்தான் சொன்னார் சித்தப்பா. ஒரு நாள் அல்ல, இரு நாள் அல்ல, ஏறக்குறைய ஓராண்டுக் காலம் சொன்னார். காலையில் சொன்னார்; மாலையில் சொன்னார்; நள்ளிரவில் எழுந்து உட்கார்ந்து, பாதத்தைத் தட்டித் தட்டிச் சொன்னார். விளக்கைப் போட்டுக் குனிந்து பார்த்தோம். எறும்பு இல்லை! இல்லாத எறும்பு ஊர்கிறது என்கிறாரே, இதற்கு என்ன பொருள்? நமக்கா பொருள் தெரியாது! இல்லாத குரலைப் பல ஆண்டுகள் கேட்டவர் அவர். இல்லாத பகைவனுக்கு அஞ்சிக் கதவைத் தாழிட்டுக் கிடந்தவர். அன்று குரல், இன்று எறும்பு. பழைய நோய் திரும்புகிறது என்று தீர்ப்பளித்தோம். அளித்தவர் பூசாரி அல்லர், கோடாங்கி அல்லர். மேடையிலே பகுத்தறிவு பேசும் நாம்தான் அந்தத் தீர்ப்பை அளித்தோம்!

தோழர்களே, அந்தத் தீர்ப்பின் கதையை எழுதவே அமர்ந்தோம். எழுத வெட்கமாக இருக்கிறது. எழுதாமலிருக்க அதைவிட வெட்கமாக இருக்கிறது.

திருவேங்கடம் எங்கள் ஊர். பெயரைக் கேட்டதும் ஏழு மலையையும் உண்டியலையும் எண்ணிவிடாதீர்கள். தென்காசி மாவட்டத்தின் கிழக்குக் கோடியில், சங்கரன்கோவிலுக்கு அப்பால், கரிசல் பரப்பிலே கிடக்கும் ஊர் இது. மலை பெயரில் மட்டும்தான். மண்ணிலே பருத்தி, மானத்திலே வெயில், வீடுகளிலே தீப்பெட்டி ஆபீசு வேலை. நாம் இங்கே பள்ளியில் பாடம் சொல்லும் ஓர் ஆசிரியர். வரலாறு படித்துப் பட்டம் வாங்கினோமே தவிர, மருத்துவர் அல்லோம். ஆகவே கீழே வரும் மருத்துவச் செய்திகளெல்லாம், அடிபட்ட பிறகு தேடிப் படித்தவை; படித்த மருத்துவர்களிடம் கேட்டுத் தெளிந்தவை.

சித்தப்பாவுக்கு நோய் கண்டபோது வயது 22. நமக்கு 5. தீப்பெட்டி ஆபீசில் கணக்கு எழுதிக்கொண்டிருந்தவர், ஒரு நாள் பேரேட்டை மூடிவிட்டு வீட்டுக்கு வந்து மூலையிலே அமர்ந்தார். யாரோ தம்மைப்பற்றிப் பேசுகிறார்கள் என்றார். சுவரைக் கேட்டார், சுவருக்குப் பதில் சொன்னார். மனச்சிதைவு நோய் என்று மருத்துவம் அதற்குப் பெயர் வைத்திருக்கிறது. சுவிட்சர்லாந்து நாட்டு அறிஞர் யூஜின் பிளாய்லர் 1908இல் சூட்டிய ஸ்கிசோஃப்ரினியா என்ற பெயரின் தமிழாக்கம் அது. உலகில் ஏறக்குறைய 300 பேரில் ஒருவருக்கு வரும் நோய். எங்கள் வீட்டார்க்கு அந்தப் பெயர் தெரியாது. அவர்களுக்குத் தெரிந்தவை நான்கு ஊர்கள்!

முதலில் சங்கரன்கோவில். கோமதி அம்மன் சந்நிதிக்கு முன்னே உள்ள சக்கரக் குழியில் உட்காரவைத்தார்கள். புற்றுமண்ணைக் கரைத்துக் கொடுத்தார்கள். தெளியவில்லை. அடுத்து பொட்டல்புதூர் பள்ளிவாசல். தெளியவில்லை. பிறகு புளியம்பட்டி அந்தோணியார். அங்கேயும் இல்லை. மூன்று மதங்களும் முயன்று பார்த்து முடிந்தபின், மதம் எதுவும் இல்லாத தண்ணீரை நம்பினார்கள். சாரல் காலத்தில் குற்றாலத்து அருவியில் தலையைக் கொடுத்தால் பித்தம் தெளியும் என்பது நம் பக்கத்து நம்பிக்கையாயிற்றே! சித்தப்பாவின் காலில் சங்கிலி கட்டி, இருவர் பிடித்துக்கொண்டு, பேரருவியின் கீழே நிறுத்தினார்கள். அவர் அலறியது அருவி ஓசையில் கேட்கவில்லை. வாய் திறந்து திறந்து மூடியது மட்டும் தெரிந்தது. சிறு பிள்ளையாய்த் துண்டைப் பிடித்துக்கொண்டு கரையில் நின்ற நமக்கு, இன்றும் அந்த வாய்தான் நினைவில் நிற்கிறது.

சங்கிலி என்றதும் ஒன்று சொல்லவேண்டும். 2001ஆம் ஆண்டு ஆகஸ்டு 6ஆம் நாள் விடியற்காலையில், இராமநாதபுரம் மாவட்டம் ஏர்வாடியில் ஒரு மனநலக் காப்பகம் தீப்பற்றி எரிந்தது. கீற்றுக் கொட்டகை, உள்ளே இருந்தோர் சங்கிலியால் பிணைக்கப்பட்டவர்கள். 28 பேர் கருகி மாண்டனர். நாடே அதிர்ந்தது, ஏடுகளெல்லாம் எழுதின, உச்சநீதிமன்றம் தானாகவே வழக்கை எடுத்தது. அந்தத் தீ அணைந்து மூன்றாண்டுகள்கூட ஆகாத நிலையில்தான், செய்தி படித்து 'ஐயோ' என்று சொன்ன அதே வீடு, ஒரு சங்கிலி வாங்கிவந்தது. அது எங்கள் வீடு.

காலம் ஓடிற்று. நாம் கல்லூரிக்குப் போனோம். ஏடுகள் படித்தோம், பெரியாரைப் படித்தோம், இங்கர்சாலைப் படித்தோம். விடுமுறைக்கு ஊர் வந்ததும் முதல் வேலையாகச் சங்கிலியைக் கழற்றிக் கிணற்றில் எறிந்தோம். பாட்டி அழுதாள். அம்மன் கோபித்துக்கொள்வாள் என்றாள். சித்தப்பாவைக் கையைப் பிடித்து அழைத்துக்கொண்டு, பேருந்தேறி, மனநல மருத்துவரிடம் போனோம். ஓலன்சபின் என்றொரு மாத்திரை கொடுத்தார். ஆறு வாரத்தில் குரல்கள் தாழ்ந்தன. மூன்று மாதத்தில் சித்தப்பா திண்ணைக்கு வந்தார். ஆறாம் மாதம் கடைக்குப் போய்ப் பருப்பு வாங்கிவந்து, மீதிச் சில்லறையைப் பைசா பிசகாமல் எண்ணிக் கொடுத்தார். பதினான்கு ஆண்டுகள் அம்மனும் அருவியும் செய்யாததை ஒரு மாத்திரை செய்தது! ஊர் முழுக்கச் சொன்னோம். மேடை கிடைத்த இடத்திலெல்லாம் சொன்னோம். கைதட்டலும் கிடைத்தது. கைதட்டல் கிடைத்தவன் பிறகு கண்ணைத் திறந்து பார்ப்பது அரிது.

மாத்திரை தொடங்கிய மூன்றாண்டுகளில் சித்தப்பா பருத்தார். இடுப்பு வேட்டி போதவில்லை. "தெளிஞ்சிட்டான், உடம்பு தேறுது" என்று பாட்டி மகிழ்ந்தாள், நாமும் மகிழ்ந்தோம். பிறகு தண்ணீர் குடிக்கத் தொடங்கினார். செம்பு செம்பாக அல்ல, குடம் குடமாக! இரவில் நாலைந்து முறை எழுந்து கொல்லைப்புறம் போவார். பாட்டிக்கு ஐயம் வந்தது. "என்னய்யா இது, இப்படித் தண்ணி குடிக்கான்?" என்று கேட்டாள். நாம்தான் படித்தவர் அல்லவா? மனச்சிதைவு உற்றோரில் சிலர், காரணமின்றியே அளவுக்கு மீறித் தண்ணீர் குடிப்பது உண்டு. அதனால் இரத்தத்தில் உப்பு குறைந்து ஆபத்தும் நேர்வதுண்டு. இதை எங்கோ படித்திருந்தோம். படித்தது பொய்யல்ல, மெய்தான். அந்த மெய்யை எடுத்துத் தவறான இடத்தில் ஒட்டினோம். "இது அந்த நோயோட குணம் பாட்டி. குடத்தை எடுத்து உள்ளே வை" என்றோம். தாகத்தால் தவித்த மனிதருக்கு எட்டாமல் தண்ணீரை மறைத்து வைத்த வீட்டில், நாம் நல்லது செய்வதாக எண்ணி உறங்கினோம்.

பிறகுதான் எறும்பு.

எறும்பு ஊர்வதாக அவர் சொல்கிறார் என்று மருத்துவரிடம் போய்ச் சொன்னோம். சித்தப்பாவை அழைத்துச் செல்லவில்லை. பள்ளியில் தேர்வு வேலை, நாம் மட்டும் போனோம். "மறுபடி இல்லாததெல்லாம் உணர்கிறார்" என்றோம். தாகத்தைச் சொன்னோமா? இல்லை. எடையைச் சொன்னோமா? இல்லை. நாம் சொன்னதைக் கேட்டு மாத்திரையின் அளவு கூட்டப்பட்டது.

இன்னொன்றையும் மறைக்காமல் எழுதிவிடுகிறோம். வீடு தேடி வந்து இரத்த அழுத்தமும் சர்க்கரையும் பார்த்து மருந்து கொடுக்கும் 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டம் 2021 ஆகஸ்டில் தமிழ்நாட்டில் தொடங்கியது அனைவரும் அறிந்ததே. எங்கள் தெருவுக்கும் ஒரு தன்னார்வலர் அக்கா வருவார். பாட்டிக்குச் சர்க்கரை உண்டு. திண்ணையில் உட்கார்த்தி விரலில் குத்திப் பார்ப்பார். பக்கத்திலேயே, அதே திண்ணையில், ஒரு முழத் தொலைவில், சித்தப்பா உட்கார்ந்திருப்பார். ஒரு நாள் அந்த அக்கா கேட்டார்: "சார், சித்தப்பாவுக்கும் ஒரு சொட்டுப் பாத்துரவா?"

"வேண்டாங்க்கா, அவருக்கு வேற நோய்" என்றோம்.

வேறு நோய்! ஒரே திண்ணை, ஒரே குடும்பம், ஒரே இரத்தம். ஆனால் ஒருவருக்கு உடம்பு உண்டு, மற்றவருக்கு மனம் மட்டும்தான் உண்டு என்று எவ்வளவு எளிதாகப் பிரித்துவிட்டோம்!

முள் ஒன்று வந்து இந்தப் பிரிவினையைக் கலைத்தது. சீமைக்கருவேல முள், இடது பாதத்தில் ஏறியிருக்கிறது. எப்போது ஏறியதென்று அவருக்கே தெரியவில்லை, வலி தெரியவில்லை. மரத்துப்போன பாதம். துர்நாற்றம் வந்தபிறகுதான் பார்த்தோம். காய்ச்சல் ஏறிற்று, பிதற்றினார், நினைவு தப்பிற்று. ஒரு தனியார் மருத்துவமனைக்குத் தூக்கிக்கொண்டு ஓடினோம். "ஏற்கெனவே மனநோய்க்கு மாத்திரை சாப்பிடுகிறாரா? அப்படியானால் அங்கேயே கொண்டு போங்கள்" என்று வாசலோடு திருப்பினார்கள். மனநோயையும் உடல்நோய்க்கு இணையாக நடத்த வேண்டும் என்று 2017ஆம் ஆண்டின் மனநலச் சட்டம் சொல்கிறது. சங்கிலியையும் அது தடுத்திருக்கிறது. 2018 மே முதல் நடைமுறையில் உள்ள சட்டம். வாசலில் நின்றபோது அது நமக்கு நினைவு வரவில்லை. வந்திருந்தாலும் வாதாடும் வாய் நமக்கு ஏது? அதே வேற்றுமையை நம் வீட்டுத் திண்ணையில் நாமே செய்திருந்தோமே!

பிறகு சேர்த்த பெரிய மருத்துவமனையில், பயிற்சி மருத்துவர் ஒருவர், வயது நம்மைவிடக் குறைவாகத்தான் இருக்கும், எதுவும் கேட்பதற்கு முன்னே சித்தப்பாவின் விரலில் குத்தினார். கருவியில் 486 என்று எண் விழுந்தது. "எத்தனை நாளாகத் தாகம்?" என்றார். "கால் மரத்துப்போனது, எறும்பு ஊர்வது மாதிரி இருப்பது, ஏதாவது சொன்னாரா?"

சொன்னார் அம்மா, சொன்னார். ஓராண்டாகச் சொன்னார். நீரிழிவு முற்றிப் பாதத்து நரம்புகளைக் கெடுக்கும்போது எறும்பு ஊர்வதுபோலத்தான் இருக்குமாம். பாட்டிக்கும் அப்படி இருந்ததுண்டு. பாட்டி சொன்னபோது அன்றே மருத்துவரிடம் அழைத்துப் போனோம்.

இரண்டு விரல்களை எடுத்தார்கள். கால் பிழைத்தது; ஆளும் பிழைத்தார்.

அன்று தொடங்கியது நம் படிப்பு. படிக்கப் படிக்க வியப்பு, வியப்பினூடே குமைச்சல். மனச்சிதைவும் நீரிழிவும் உறவுக்காரர்கள் என்பது நேற்றுக் கண்டுபிடித்த செய்தி அல்ல. ஹென்றி மாட்ஸ்லி என்ற ஆங்கில மருத்துவர், 1879இல் வந்த தம் நூலிலேயே, மனநோய் மிகுந்த குடும்பங்களில் நீரிழிவும் அடிக்கடி தலைகாட்டுவதைக் குறித்திருக்கிறார். மனச்சிதைவுக்கு முதல் மருந்தான குளோர்புரோமசின் பாரிசில் நோயாளர்க்குக் கொடுக்கப்பட்டது 1952இல். அதாவது, மருந்து பிறப்பதற்கு எழுபதாண்டுகளுக்கு முன்பே உறவு கண்ணில் பட்டிருக்கிறது! அண்மைக் கால ஆய்வுகளும், நோய் புதிதாய்க் கண்டு, ஒரு வேளை மாத்திரைகூட விழுங்காதவர்களில் பலருடைய உடல் சர்க்கரையைச் சரிவரக் கையாளவில்லை என்று காட்டுகின்றன. அதன்மேல் மருந்து வருகிறது. குளோசபின், ஓலன்சபின் ஆகியவை பசியைக் கிளப்பி, எடையைக் கூட்டி, சர்க்கரையை ஏற்றுவதில் முன்னணியில் நிற்பவை. அதன்மேல் பீடி, அதன்மேல் நடமாட்டமின்மை, அதன்மேல் வறுமை. விளைவு? மனச்சிதைவு உற்றோர்க்கு நீரிழிவு மற்றவர்களைவிட இரண்டு மூன்று மடங்கு மிகுதி. அவர்கள் வாழ்நாள் 10 முதல் 20 ஆண்டுகள் குறைவு. தற்கொலையால் மட்டும் இந்தக் குறைவு என்று எண்ணியிருந்தோம். இல்லை, பெரும்பங்கு மாரடைப்பாலும் நீரிழிவாலும் தொற்றுநோய்களாலும்! எல்லாரையும் கொல்லும் நோய்கள்தாம், எல்லாருக்கும் பார்க்கப்படும் நோய்கள்தாம், இவர்களுக்கு மட்டும் பார்க்கப்படுவதில்லை.

இதைப் படித்துவிட்டு எந்தத் தோழராவது வீட்டிலுள்ளவரின் மாத்திரையை நிறுத்திவிடப் போகிறாரே என்று அச்சமாக இருக்கிறது. நிறுத்தாதீர்கள்! அந்த மாத்திரைதான் சித்தப்பாவைச் சுவரிடமிருந்து திண்ணைக்கு அழைத்துவந்தது. சென்னையில் 1981இல் தொடங்கி, 90 நோயாளர்களை இருபதாண்டுகளுக்கும் மேலாகத் தொடர்ந்து கவனித்த ஆய்வு உலகப் புகழ் பெற்றது; தொடக்கத்திலேயே மருத்துவம் பெற்றவர்களில் பெரும்பாலோர் ஓரளவேனும் தேறி வாழ முடியும் என்று காட்டியது அது. அந்த ஆய்வோடு பிணைந்த 'ஸ்கார்ஃப்' நிறுவனத்தை 1984இல் தொடங்கியவர் டாக்டர் சாரதா மேனன் அம்மையார், கீழ்ப்பாக்கம் மனநல மருத்துவமனையின் தலைமைப் பொறுப்பேற்ற முதல் பெண்மணி. மருந்தைக் குறை சொல்ல நாம் வரவில்லை. மருந்து கொடுத்த அன்றே எடையையும் இடுப்பளவையும் சர்க்கரையையும் பார்க்கவேண்டும், மூன்று மாதத்தில் மறுபடி பார்க்கவேண்டும், பிறகு ஆண்டுதோறும் பார்க்கவேண்டும் என்று 2004லேயே அமெரிக்க நீரிழிவு மருத்துவர்களும் மனநல மருத்துவர்களும் ஒன்றுகூடி வகுத்துவிட்டார்கள். ஒரு சொட்டு இரத்தம், ஓர் அளவு நாடா! இதற்கா கோடி ரூபாய்த் திட்டம் வேண்டும்?

படித்தவற்றுள் நம்மை நெடுநேரம் விழித்திருக்கச் செய்தது ஹாலந்து நாட்டுப் பசியின் கதை. 1944-45 குளிர்காலத்தில், நாஜிப் படை உணவு வரத்தைத் தடுத்ததால், மேற்கு ஹாலந்து பட்டினி கிடந்தது. ஒருவருக்கு ஒரு நாளைக்கு 1,000 கலோரிக்கும் கீழே இறங்கிற்று பங்கீடு. ஆயிரக்கணக்கானோர் மாண்டனர். பிறந்தோர் பதிவேடுகள் ஒழுங்காக இருந்த நாடு அது. ஆகவே பிற்காலத்தில் தேடிப் பார்க்க முடிந்தது. பசி உச்சத்தில் இருந்தபோது கருவான பிள்ளைகள், வளர்ந்தபின் மனச்சிதைவுக்கு ஆளாகும் வாய்ப்பு ஏறக்குறைய இரு மடங்கு! அந்தப் பசியின்போது கருவில் கிடந்தவர்களை ஐம்பது வயதில் சோதித்தபோது, சர்க்கரையைக் கையாளும் திறனும் குன்றியிருந்தது! தாயின் வயிற்றிலே நுழைந்த ஒரே பசி, ஒருபுறம் மூளையையும் மறுபுறம் சர்க்கரையையும் தொட்டுவிட்டுப் போயிருக்கிறது. மனம் வேறு, உடல் வேறு என்று பிரித்துவைத்த தத்துவங்களெல்லாம் அந்தப் பசிக்குத் தெரியாது.

பாட்டியிடம் கேட்டோம்: "சித்தப்பா வயித்துல இருக்கும்போது எப்படி இருந்துச்சு பாட்டி?" கம்பும் விளையாத ஆண்டு என்றாள். பருத்தி விதையை அரைத்துப் பால் எடுத்துக் குடித்தோம் என்றாள். அதுதான் காரணம் என்று சொல்லிவிட முடியாது. ஒரு பெரும் கூட்டத்தைப் பற்றிய உண்மையை ஒரு தனி மனிதர் தலையில் ஏற்றுவதும் சோதிடம்தான். கேட்டோம், கேட்டுவிட்டுச் சும்மா இருந்தோம்.

உறவுகள் இத்தோடு நிற்கவில்லை. உடலைக் காக்கும் நோயெதிர்ப்பு அமைப்போடு தொடர்புள்ள 'சி4' என்ற மரபணுவின் சில வடிவங்கள், மனச்சிதைவு வரும் வாய்ப்பைக் கூட்டுகின்றன என்று 2016இல் அமெரிக்க ஆய்வாளர்கள் கண்டார்கள். விந்தை என்னவென்றால், மூட்டுகளை வீங்கவைக்கும் முடக்குவாதம் மனச்சிதைவு உற்றோரிடம் மற்றவர்களைவிடக் குறைவாகக் காணப்படுகிறது! ஏன் என்பதற்கு முடிந்த முடிபு இல்லை. இன்னும் சில வேளைகளில் மனநோய் என்று நாம் அழைப்பதே உடல்நோயின் மாறுவேடம். மேகநோய் முற்றிப் பித்துப் பிடித்தவர்களின் மூளையிலே அந்நோயின் கிருமியை 1913இல் நொகுச்சியும் மூரும் கண்டார்கள். தைராய்டு சுரப்பி சோர்ந்தால் மனம் பிறழ்வதுண்டு என்று 1949இல் ரிச்சர்டு ஆஷர் எழுதினார். உடலின் எதிர்ப்பாற்றல் தன் மூளையையே தாக்கி, பேய் பிடித்தாற்போல ஆட்டும் மூளையழற்சி ஒன்றை 2007இல் டல்மாவ் விளக்கினார். தக்க மருத்துவம் செய்தால் அவர்களில் மிகப் பலர் முழுதும் தேறுகிறார்கள். அப்படிப்பட்டவர்கள் எத்தனை பேர் எத்தனை கோயில் தூண்களில் கட்டுண்டு கிடந்து மாண்டார்களோ!

தூணில் கட்டியவர்களைப் பார்த்துச் சிரித்தோம் நாம். அவர்களுக்கு எல்லாவற்றுக்கும் ஒரே விடை: பேய். தாகமா, பேய். காய்ச்சலா, பேய். நாம் அந்தப் பேயை விரட்டிவிட்டு, காலியான பீடத்தில் 'மனநோய்' என்ற சொல்லை ஏற்றினோம். தாகமா, மனநோய். எறும்பா, மனநோய். பெயர் அறிவியல், பூசை பழையது. சித்தப்பா சொன்னதைச் சோதித்துப் பார்க்காமல் தள்ளினோமே, அந்த ஓராண்டில் பாட்டிக்கும் நமக்கும் என்ன வேறுபாடு? பாட்டியாவது தண்ணீரைப் பற்றி ஐயப்பட்டாள். ஐயத்தை அடக்கியவர் நாம்.

இப்போது மருத்துவர் மாத்திரையை மாற்றியிருக்கிறார். எடை அவ்வளவாக ஏற்றாத வகையாம். குரல்கள் மெல்ல எட்டிப் பார்க்கின்றன, போகின்றன. "கேக்குது, ஆனா தூரத்துல கேக்குது" என்கிறார். காலையில் சர்க்கரைக்கு ஒன்று, இரவில் மனத்துக்கு ஒன்று. சித்தப்பாவே தேதி போட்டுப் பேரேடுபோல் ஒரு நோட்டில் எழுதி வைக்கிறார். கணக்குப்பிள்ளையின் கை அல்லவா! மாலையில் பள்ளிக்கூடம்வரை நடை, செருப்போடுதான். இரண்டு விரல் இல்லாத நடை சற்றே இழுக்கிறது. திரும்பி வந்ததும் பாதத்தைத் திருப்பித் திருப்பி நாம் பார்க்கவேண்டும் என்பது மருத்துவர் கட்டளை. "இன்னிக்கு எறும்பு இருக்கா?" என்று கேட்போம். சில நாள் உண்டு என்பார், சில நாள் இல்லை என்பார். நோட்டில் அதற்கும் ஒரு கட்டம் போட்டிருக்கிறார்.

சென்ற வாரம் தன்னார்வலர் அக்கா வந்தார். பையைத் திறந்து கருவியை எடுப்பதற்குள் சித்தப்பா விரலை நீட்டிக்கொண்டு முன்னே வந்து உட்கார்ந்துவிட்டார். "ஏட்டி, எனக்கு மொதல்ல பாரு, நான்தான் மூத்தவ" என்று பாட்டி சண்டை பிடித்தாள். சித்தப்பா விரலை மடக்கவில்லை.